பூமிக்குள் எவரும் போய்ப் பார்த்ததில்லை. பிறகு அதன் அடுக்குகளை எப்படி அறிந்தார்கள்?

இக்கேள்வியைக் கேட்டவர் அநேகமாகச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவராகவோ, அப்படியொரு பிள்ளையிடம் அகப்பட்டுக்கொண்ட பெற்றோராகவோ இருக்க வேண்டும். இதே கேள்வியை 1978இல், ஒன்பதாம் வகுப்பில், நானும் கேட்டேன். அன்று கிடைத்த பதில் இன்னமும் உறுத்துவதால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் புவிச்சரிதவியல் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். குழாய்க்கிணறு தோண்டும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன். பட்டம் பெற்றவர்கள் பிழை கண்டால் திருத்தலாம். ஆனால் "கிணறு தோண்டியவனுக்கு இதில் என்ன வேலை" என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அதை ஏற்கெனவே கேட்டாயிற்று.

என் குஞ்சியப்பு, அதாவது சித்தப்பா, கிணறு வெட்டுபவர். உரும்பிராய், கோப்பாய், அச்சுவேலிப் பக்கங்களில் அவர் வெட்டிய தோட்டக் கிணறுகள் பல இன்றும் பாவனையில் உள்ளன. யாழ்ப்பாணத்தில் செம்மண் சில அடிகள்தான். அதன்கீழ் மயோசீன் எனும் மிகப் பழைய காலத்துச் சுண்ணாம்புக்கல், அதற்குள் தண்ணீர் அரித்த பொந்துகளும் குகைகளும். வெடி வைப்பதற்கு முன்னர் குஞ்சியப்பு அலவாங்கை (கடப்பாரையை)த் தூக்கிக் கல்லில் நாலைந்து இடத்தில் குத்துவார், தலையைச் சரித்துக் கேட்பார். கணீர் என்று கேட்டால் கீழே கட்டிக் கல். மந்தமாகக் கேட்டால், "தம்பி, உது கோறைச் சத்தம், கீழ வெறுமையாக் கிடக்கு, தள்ளி நில்" என்பார். இடையிடையே பிழைத்ததும் உண்டு. ஆனாலும் கல்லைப் பிளக்காமலே அதன் உட்புறத்தைப் பற்றிச் சொல்ல முடியும் என்பதை எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

ஆகவே வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, வெளியிலிருந்து உள்நோக்கிப் புவியோடு, மூடகம், வெளியகணி, உள்ளகணி என்று பெயரிட்டபோது, "சேர், தட்டிப் பார்த்தா கண்டுபிடிச்சவை?" என்று கேட்டுவிட்டேன். உண்மையில் அது மிகச் சரியான கேள்வி. அவருக்கு விடை தெரிந்திருக்கவில்லை, அது குற்றமுமில்லை. ஆனால் அவர், "கிணறு வெட்டுற வீட்டுப் பிள்ளைக்குத் தட்டுறதில்தான் யோசினை. புத்தகத்தில இருக்கிறதை எழுதும்" என்றார். வகுப்பு சிரித்தது. அதன்பின் அந்தப் பாடத்தில் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

விடை இதுதான்: ஆம், தட்டித்தான் கண்டுபிடித்தார்கள். தட்டியது மனிதர் அல்லர், நிலநடுக்கங்கள்.

அதற்கு முன்னரே ஒரு சந்தேகம் இருந்தது. 1798இல் கவெண்டிஷ் என்ற ஆங்கிலேயர் ஈயக் குண்டுகளுக்கிடையிலான ஈர்ப்பை அளந்து, பூமி முழுவதன் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 5.5 மடங்கு என்று காட்டினார். நம் காலடியிலுள்ள பாறைகளோ 2.7 மடங்கு அளவிலேயே நிற்கின்றன. அப்படியானால் உள்ளே பாறையை விட மிகப் பாரமான ஒன்று இருந்தே ஆக வேண்டும். அது பெரும்பாலும் இரும்பு, கூடவே சிறிது நிக்கல் என்பதற்கு, வானிலிருந்து விழும் இரும்பு விண்கற்களும் ஒரு சாட்சி.

நிலம் நடுங்கும்போது இரு வகை அலைகள் பூமிக்குள் ஊடுருவிச் செல்கின்றன. முதன்மை அலை அமுக்கியும் தளர்ந்தும் முன்னேறுவது. கல், நீர் இரண்டுக்குள்ளும் அது போகும். துணை அலை பக்கவாட்டில் உலுப்பிக்கொண்டு முன்னேறுவது. திரவத்தால் அந்த உலுப்பலை எதிர்த்து நிற்க முடியாததால், திரவம் வந்ததும் அது நின்றுவிடும். 1909 ஒக்ரோபரில் குரோவேசியாவின் சாக்ரெப் நகருக்கு அருகில் ஏற்பட்ட நடுக்கத்தின் பதிவுகளை மொகொரொவிச்சிச் என்ற அறிஞர் ஆராய்ந்தபோது, தொலைவிலுள்ள நிலையங்களுக்குச் சில அலைகள் எதிர்பார்த்ததை விட முந்தி வந்திருந்தன. ஒழுங்கைகளால் நேரே போகிறவரை விட, சற்றுச் சுற்றிக் கண்டி வீதிக்கு ஏறிப் போகிறவர் முதலில் சாவகச்சேரியை அடைவது போன்ற சங்கதிதான் அது. ஆழத்தில் விரைவான பாதையொன்று இருக்கிறது, அதாவது அங்கே பாறையே வேறு என்று அவர் முடிவு செய்தார். புவியோட்டுக்கும் மூடகத்துக்கும் இடையிலான அந்த எல்லை இன்று அவருடைய பெயரைத்தான் தாங்குகிறது.

அகணியின், அதாவது பூமியின் நடுப்பகுதியின், கதை இதற்கு நேர்மாறானது. உலகின் மறுபக்கத்துக்கு அலைகள் தாமதித்து வருவதை ஓல்ட்ஹாம் என்ற அறிஞர் 1906இல் கவனித்தார். குட்டன்பெர்க் சில ஆண்டுகளில் அதன் எல்லை 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் உள்ளதெனக் கணித்தார். அகணி திரவம் என்று 1926இல் ஜெஃப்ரிஸ் வாதிட்டார். அந்தத் திரவத்தின் விளைவாக, நடுக்க மையத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுகளில் முதன்மை அலைகள் நேராக வந்து சேராத நிழல் வலயம் ஒன்று உண்டு. ஆனால் 1929இல் நியூசிலாந்தில் நிகழ்ந்த நடுக்கத்தின்போது, வரக்கூடாத அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. பலர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண்மணி, கணினி இல்லாத காலத்தில், தகவல்களை அட்டைகளில் எழுதி அடுக்கி ஆராய்ந்து, திரவத்தின் நடுவே இன்னொரு கோளம் இருந்து அலைகளைத் திருப்பி அனுப்புகிறது என்று 1936இல் எழுதினார். அது திண்மம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. அங்கே வெப்பம் 5,000 பாகை செல்சியசுக்கும் மேல். ஆயினும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் முப்பது இலட்சம் மடங்கைத் தாண்டுவதால் இரும்பு உருக வழியில்லை. லேமன் 104 வயது வரை வாழ்ந்து 1993இல் காலமானார். நான் படித்த புத்தகத்தில் வட்டம் இருந்தது, அவருடைய பெயர் இருக்கவில்லை.

இந்த எண்கள் மனத்தில் நிற்காவிட்டால் ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பூமியின் மேற்பரப்பிலிருந்து மையம் வரையான 6,371 கிலோமீற்றரை முப்பது அடிக் கிணறாகச் சுருக்கினால், நாம் வாழும் கண்டத்தின் ஓடு வாயிலுள்ள இரண்டு அங்குலம்தான். அங்கிருந்து பதின்மூன்றரை அடி வரை மூடகம். இருபத்துநான்கு அடி சொச்சம் வரை வெளியகணியின் திரவ இரும்பு. நமது காந்த ஊசியை வடக்கே திருப்புவது அதன் ஓட்டமே. அடியில் மிஞ்சும் ஆறடிக்குச் சற்றுக் குறைவானது உள்ளகணி. சோவியத் நாட்டவர் கோலா குடாநாட்டில் 1970இல் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் துளைத்து 12,262 மீற்றரை எட்டினார்களே, அது இக்கிணற்றில் முக்கால் அங்குலம்கூட இல்லை. அடியிலே பாறை 180 பாகைக்குச் சூடேறி இளகத் தொடங்கியதால் மேற்கொண்டு துளைக்க முடியவில்லை. துளைக்கும் பொறியோடு மாரடித்தவன் என்ற முறையில் அந்தத் தொழிலாளரை எண்ணி எனக்கு மரியாதைதான். சிறுவயதில் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு பூமியின் நடுவரை போகிறது என்று நம்பியவன் நான். அது சுண்ணாம்புக்கல் குகையொன்றின் கூரை இடிந்து உண்டானது என்று வேலைக்கு வந்த பின்னரே அறிந்தேன். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதிலும் அதிசயமில்லை, எங்கள் குடாநாட்டு நிலத்தடி நீர் முழுவதும் அப்படித்தான் மிதக்கிறது. கீழுலகங்கள் ஏழு என்று நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் எனச் சிலர் பதிலிடுவார்கள். அவர்களுடைய நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை, அலைகள் காட்டும் எல்லைகளை மட்டுமே சொல்கிறேன்.

என் இரண்டாவது மனத்தாங்கல் புதியது. பேரப்பிள்ளை ரியூசனிலிருந்து கொண்டுவந்த குறிப்பில், மூடகம் "உருகிய பாறைக் குழம்பு" என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இது பிழை. துணை அலைகள் மூடகத்தினூடாகத் தாராளமாகச் செல்கின்றன, திரவமாயிருந்தால் செல்லாது. மூடகம் திண்மப் பாறை, ஆனால் மிக மெதுவாக நகரும் பாறை. வீதி வேலைக்குக் கொண்டுவந்து கவிழ்ந்துபோன தார்ப் பீப்பாவைப் பார்த்திருப்பீர்கள்: சுத்தியலால் அடித்தால் தார் சில்லாகத் தெறிக்கும், விட்டுவைத்தால் நாட்கணக்கில் வழிந்து பரவும். மூடகப் பாறை வழிவதோ ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர். எரிமலையில் வரும் குழம்பு, மேல் மூடகத்திலும் ஓட்டிலும் அமுக்கம் குறைகிற அல்லது நீர் கலக்கிற சில இடங்களில் மட்டும் உருகி உண்டாவது. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் மூடகத்தைக் கவசம் என்றும் அகணியைக் கருவம் என்றும் சொல்லும். பெயர் எதுவாகவும் இருக்கட்டும், குழம்பு என்று மட்டும் எழுத வேண்டாம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலத்தட்டு நழுவியபோது, எங்கள் கரையோர ஊர்களான மணற்காட்டிலும் உடுத்துறையிலும் எங்கள் சனம் சுனாமியில் கடலோடு போனது. அதைப் பாடமாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும் நீங்கள் கேட்டதற்கு அதிலும் விடை உண்டு. அந்த அதிர்ச்சியில் பூமி முழுவதும் கோயில் மணியைப்போல் வாரக்கணக்கில் அதிர்ந்தது. அதன் மிக மந்தமான அதிர்வு ஒன்று முடிய 54 நிமிடங்கள் எடுத்தது. மணியின் உலோகத்தை ஓசை காட்டுவதுபோல, அந்த அதிர்வுகளிலிருந்து உள்ளடுக்குகளின் அடர்த்தியை முன்னிலும் திருத்தமாகக் கணிக்க முடிந்தது. குஞ்சியப்பு இருந்திருந்தால் இதை அவருக்கு விளக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

பரீட்சையில் மூடகம் திண்மம் என்றே எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் புள்ளியை வெட்டினால், துணை அலை அதனூடாகப் போவது எப்படி என்று பிள்ளை பணிவாகக் கேட்கட்டும். வகுப்பு சிரித்தாலும் கேட்கட்டும்.