சைக்கிள் டவுட்டா? கேளுங்க!

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்பன் ரோட் பைக் வாங்கினேன். மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒண்ணுமே இல்ல, திரும்பி ஏறும்போது ஒவ்வொரு மிதிக்கும் கீழேருந்து 'கடக் கடக்'னு சத்தம். கடையில பிபி (பாட்டம் பிராக்கெட், பெடல் கம்பியோட அச்சு சுத்தற பேரிங் செட்) போச்சு, பிரெஸ் ஃபிட், ஆர்டர் போடணும்னு சொல்றாங்க. ஆன்லைன்ல பார்த்தா ஏகப்பட்ட சைஸ் இருக்கு, எதை வாங்கறது?
- கோத்தகிரி வாசகர்

பதில்: முதல்ல பர்ஸை உள்ள வைங்க. கார்பன் ஃபிரேம்ல எங்க சத்தம் வந்தாலும் கீழேருந்து வர்ற மாதிரிதான் கேக்கும். எழுந்து நின்னு மிதிங்க, சத்தம் நின்னுட்டா சீட் போஸ்ட்தான் குற்றவாளி. அப்புறம் வேற பெடல் மாட்டிப் பாருங்க, செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) போல்ட்டை டைட் பண்ணுங்க. இதுக்கும் அடங்கலன்னா பிபின்னு வெச்சுக்கலாம்.

பிரெஸ் ஃபிட்ல மரையே கிடையாது, பேரிங்கையோ பேரிங் வெச்ச கப்பையோ ஃபிரேம் ஓட்டைக்குள்ள அழுத்தி ஏத்திடுவாங்க, ஓட்டை சுத்த வட்டமா ரெண்டு பக்கமும் நேர்கோட்டுல இருந்தா பிரச்சனையே இல்ல, கொஞ்சம் பிசகினாலும் ஏத்தத்துல நீங்க மிதிக்கிற அழுத்தத்துக்கு கப்பு துளித்துளியா அசையும், அந்த சத்தம்தான் இது. 2000-ல கேனன்டேல் கம்பெனி பிபி30-ங்கற அளவைக் கொண்டு வந்தாங்க, 30 மில்லி ஆக்சில், 42 மில்லி ஓட்டை. ஷிமானோ 41 மில்லின்னாங்க, ஸ்ராம் 46-ன்னு பிஎஃப்30 விட்டாங்க, ட்ரெக் தனியா பிபி90-ன்னு போனாங்க. ஆளாளுக்கு ஒண்ணு, எல்லாத்துக்கும் பேரு மட்டும் 'ஸ்டாண்டர்டு'! மரை வெட்டற வேலை ஃபேக்டரிக்கு மிச்சம், சத்தம் நமக்கு.

அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பழசைக் கழட்டி, ஓட்டையோட உள் விட்டம், ஷெல் (பிபி உக்கார்ற ஃபிரேம் குழாய்) அகலம் ரெண்டையும் வெர்னியர்ல அளந்துடுங்க. 41-க்கும் 42-க்கும் நடுவுல ஒரே ஒரு மில்லிதான், கண்ணால பார்த்து கண்டுபிடிக்க முடியாது, தப்பா வந்தா ரிட்டர்ன் போட்டுட்டு உக்காந்திருக்கணும். பேரிங் கையால சுத்தும்போது வழவழன்னு இருந்தா புதுசே வேண்டாம், ஓட்டையை நல்லா துடைச்சு ரிட்டெய்னிங் காம்பவுண்ட் (இடுக்கை நிரப்பி இறுகப் பிடிக்கிற பசை) போட்டு திரும்ப ஏத்தினாலே பல நேரம் அடங்கிடும். மாத்தியே ஆகணும்னா ரெண்டு கப்பும் நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருகிக்கிற டைப்பா பார்த்து வாங்குங்க. சுத்தியலால தட்டி ஏத்தறேன்னு யாராவது சொன்னா சைக்கிளைத் தூக்கிட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு, உங்க பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு. சீட் போஸ்ட் வழியா இறங்கற தண்ணி பிபி ஷெல்லுலதான் போய் தேங்கும். நனைஞ்சு வந்தா சீட் போஸ்ட்டை உருவிட்டு சைக்கிளைக் கவுத்துப் போட்டு காயவிடுங்க.

கேள்வி: தாத்தாவோட காட்டர் பின் (பெடல் கம்பியை அச்சோட இறுக்கற ஆப்பு) வெச்ச பழைய சைக்கிளை ஓவராயில் பண்றேன். பிபியோட வலது பக்க கப்பு அசையவே மாட்டேங்குது. தலைகீழா திருகணும்ங்கறாரு மெக்கானிக், நிஜமா?
- குன்னூர் வாசகர்

பதில்: நிஜம்தான், அவர் பேச்சைக் கேளுங்க. இங்கிலீஷ் மரையில வலது கப்பு இடது மரை, கடிகாரம் சுத்தற திசையில திருகினாத்தான் கழலும். நீங்க மிதிக்க மிதிக்க கப்பு எதிர்த்திசையில நகரப் பார்க்கும், மரை இப்படி இருக்கறதால அது தானாவே டைட் ஆகும். இத்தாலி மரையில ரெண்டு பக்கமும் சாதா மரைதான், அதான் வலது கப்பு அடிக்கடி லூஸ் ஆகுது. முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற விடுங்க. திறந்ததும் பால்ரஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க, பழசையே திரும்பப் போடறது கஞ்சத்தனம்.

கேள்வி: புதுசா சைக்கிள் வாங்கப் போறேன், வத்தலக்குண்டு ரோட்ல ஏறி இறங்கத்தான். பிபியில என்ன பார்க்கணும்?
- கொடைக்கானல் வாசகர்

பதில்: மரை இருக்கணும், அவ்வளவுதான். பிஎஸ்ஏ (மேல சொன்ன இங்கிலீஷ் மரைதான்), 68 இல்ல 73 மில்லி ஷெல்லுன்னு போட்டிருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம். 2015-ல வந்த டி47-ம் மரைதான், நல்லாவே இருக்கு, ஆனா பக்கத்து ஊர்க் கடைகள்ல உடனே கப்பு கிடைக்கும்னு நம்பாதீங்க. எதை வாங்கினாலும் அந்த கப்புக்கான ஸ்பேனரையும் சேர்த்தே வாங்கிடுங்க.