நாட்காட்டி அமைப்பு தினமும் அழிகிறதா? பார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: மன்னார்குடி அருகே விதைநெல், உரக்கடை நடத்துகிறேன். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கடைக்குப் பயன்படுத்துகிறேன். கீழ்ப்பட்டையில் உள்ள நாட்காட்டியில் வாரம் திங்களில் தொடங்க வேண்டும், தேதியோடு கிழமையும் தெரிய வேண்டும் என்று அமைத்துவைக்கிறேன். மறுநாள் காலை திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. நாற்றுவிடும் தேதி, விதை வந்திறங்கும் தேதி எல்லாம் அதில்தான் குறித்திருக்கிறேன். வேகப்படுத்தித் தருகிறேன் என்று ஒருவர் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்த பிறகுதான் இது தொடங்கியது. இப்போது அவரே பார்மட் செய்து விண்டோஸ் போட வேண்டும் என்கிறார். மின்சாரம் போனால் மடிக்கணினி உடனே அணைந்துவிடும், பேட்டரி நிற்பதில்லை. என்ன செய்வது?

பதில்: பார்மட் செய்யக் கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நீங்கள் தினமும் இழப்பது நாட்காட்டியின் தோற்ற அமைப்பை மட்டும்தான். குறித்துவைத்த தேதிகள் வேறோர் இடத்தில் இருக்கின்றன. உங்கள் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'லோக்கல்' என்ற கோப்புறை, அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'எவலூஷன்' என்று போனால் அங்கே தனிக் கோப்பாக இருக்கும். தோற்றம் அழிந்தாலும் அந்தக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. பார்மட் செய்தால் போவது அந்தக் கோப்புதான். இன்றுவரை கெடாமல் இருக்கும் ஒரே பொருளை அழித்துத் தருவதற்கு உங்களிடமே கூலியும் கேட்கிறார்கள்.

அந்தத் தேதிகளை அச்சடித்த காலண்டரைப் பார்த்து மீட்டெடுக்க முடியாது. மேட்டூர் அணைக்கு ஜூன் 12 என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். ஆனால் 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தள்ளிப்போனால் உங்கள் கணக்கு முழுவதும் தள்ளிப்போகும். ஏறக்குறைய 110 நாள் பயிரான ஆடுதுறை 43-ஐ எப்போது இறக்குவது, 155 நாளுக்கு மேல் நிற்கும் சி.ஆர். 1009-ஐ எந்த வாரத்துக்குள் விற்று முடிப்பது என்பதெல்லாம் நீங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு. ஆகவே முதல் வேலையாக, கோப்பு மேலாளரில் கண்ட்ரோல் விசையுடன் எச் எழுத்தை அழுத்துங்கள். மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். இவற்றின் பெயர்கள் திரையில் ஆங்கில எழுத்தில், ஒரு புள்ளியுடன் தொடங்கும். அந்த எவலூஷன் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இனி கோளாறு. நாட்காட்டி எதையும் மறப்பதில்லை. நீங்கள் மாற்றியதை வட்டில் எழுதிவைக்க முயல்கிறது, முடியாமல் போகிறது. அணைக்கும்வரை நினைவகத்தில் இருப்பதால் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். அணைத்ததும் போய்விடும். சேமிக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி திரையில் காட்டியிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே எழுதியிருக்க மாட்டீர்கள். இத்தனை ஆண்டுகளாக இவ்வளவு அழகான டெஸ்க்டாப்களைச் செய்துதருபவர்கள் அந்த ஒரு வரியைப் பல இடங்களில் இன்னும் சேர்க்கவில்லை. கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் கையில் நீங்கள் சிக்குவதற்கு அந்த மௌனம்தான் வழிசெய்கிறது.

எழுத முடியாமல் போவது எங்கே என்று பார்க்க ஒரு சோதனை. உங்கள் பயனர் கோப்புறையில் புதிதாக ஒரு கோப்புறை உருவாக்குங்கள். பிறகு திரையின் பின்னணிப் படத்தை மாற்றுங்கள், நாட்காட்டியையும் உங்கள் விருப்பப்படி அமையுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்காமல், மெனு வழியாக வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். புதுக் கோப்புறையே உருவாகவில்லை என்றால் வட்டில் கோளாறு, அல்லது வட்டு நிரம்பிவிட்டது. கோப்புறை உருவாகி, படமும் நாட்காட்டியும் இரண்டுமே பழையபடி ஆகிவிட்டால் அமைப்புகளை வைக்கும் இடம் பூட்டிக்கிடக்கிறது. படம் நின்று நாட்காட்டி மட்டும் மாறினால் நாட்காட்டியின் சொந்தக் கோப்பில்தான் சிக்கல்.

'வேகப்படுத்தித் தருகிறேன்' என்று ஒருவர் கைவைத்த பிறகு தொடங்கியது என்கிறீர்கள். அதனால் என் முதல் சந்தேகம் உரிமை மாறியதன் மேல். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உங்கள் அமைப்புகள் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ' கட்டளை போட்டே திறக்கும் பழக்கம் உள்ளவர்கள் உங்கள் கோப்புகளை 'ரூட்' என்ற நிர்வாகியின் பெயருக்கு மாற்றிவிட்டுப் போவார்கள். உபுண்டு 19.10-க்கு முந்தைய பதிப்புகளிலும், அவற்றின் மேல் கட்டப்பட்ட மின்ட்டிலும் இது மிக எளிதாக நடந்துவிடும். அதன்பின் நீங்கள் அந்தக் கோப்பைப் படிக்கலாம், எழுத முடியாது. பத்திரம் வேறொருவர் பெயருக்கு மாறிய நிலத்தில் நீங்கள் நாற்றுவிடப் போவதைப் போல.

பார்ப்பது சுலபம். மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் 'சின்னமன்', அதற்குள் 'ஸ்பைசஸ்' என்று போங்கள். பழைய பதிப்பானால், பயனர் கோப்புறையிலேயே மறைந்திருக்கும் 'சின்னமன்' கோப்புறைக்குள் 'கான்ஃபிக்ஸ்' என்று இருக்கும். அங்கே 'காலண்டர்' என்று தொடங்கும் கோப்புறையின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் பெர்மிஷன்ஸ் பக்கத்தைத் திறங்கள். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் இல்லாமல் 'ரூட்' என்று இருந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். பின்னணிப் படமும் மாறிப்போகிறது என்றால் இதே 'கான்ஃபிக்' உள்ளே 'டிகான்ஃப்' என்ற கோப்புறையையும் இப்படியே பாருங்கள். வாரம் எந்தக் கிழமையில் தொடங்குவது என்பதும் அங்கேதான் பதிவாகிறது.

சரிசெய்யக் கட்டளை எதுவும் வேண்டாம். அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள், அவ்வளவுதான். பெயரின் கடைசியில் 'பழையது' என்று சேர்த்தால் போதும். கோப்புறை நிர்வாகி பெயரில் இருந்தாலும் அது கிடக்கும் மேல்கோப்புறை உங்கள் பெயரில் இருக்கும்வரை பெயர்மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் ஒரு படி மேலே போய் அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால், அதே இடத்தில் உங்கள் பெயரிலேயே புதுக் கோப்புறை உருவாகியிருக்கும். ஒருமுறை எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் நிற்கும்.

நாட்காட்டியைப் பட்டையிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீக்கிச் சேர்த்தால் அது புது ஆப்லெட்டாகவே, அதாவது பட்டையில் ஓடும் புதிய சிறு நிரலாகவே வந்து உட்காரும், பழைய அமைப்பு அதற்குக் கிடைக்காது. இல்லாத கோளாறை உண்டாக்கும் வைத்தியம் இது.

உரிமையில் குறை இல்லை என்றால் இடத்தைப் பாருங்கள். கோப்பு மேலாளரின் அடிப்பகுதியில் எவ்வளவு இடம் காலி என்று தெரியும். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று காட்டினால் காரணம் அதுதான். வட்டு நிரம்பினால் கணினியே திறக்காதே என்று கேட்பீர்கள். திறக்கும். லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 வட்டு அமைப்பு 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கு என்று ஒதுக்கிவைக்கிறது. கணினி அதை வைத்து ஓடிவிடும், உங்கள் நாட்காட்டிக்கு ஒரு வரி எழுத இடம் இருக்காது. மின்ட்டில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் 'டைம்ஷிப்ட்' எடுத்துக் குவிக்கும் நகல்கள். அந்த நிரலைத் திறந்து புதிதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை அதற்குள்ளிருந்தே நீக்குங்கள். வேகப்படுத்தியவர் சுத்தம் செய்யும் நிரல் ஏதாவது வைத்துவிட்டுப் போனாரா என்று 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' பட்டியலிலும் பார்த்து, தெரியாததை அணைத்துவையுங்கள்.

இடம் இருந்தும் புதுக் கோப்புறையே உருவாகவில்லை என்றால் விஷயம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்ப் போய் வந்தால் வட்டின் பதிவேடு குழம்பும். குழப்பம் தெரிந்ததும் மேலும் கெடாமல் இருக்க, லினக்ஸ் வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடும். கணினியை மீண்டும் தொடங்கும்போது ஷிப்ட் விசையை, புதிய வகைக் கணினி என்றால் எஸ்கேப் விசையை அழுத்தி, கூடுதல் தெரிவுகளுக்குள் 'ரெகவரி மோட்' சென்று, அங்கே வட்டைச் சோதிக்கும் 'எஃப்எஸ்சிகே' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்ப அதே நிலை வந்தால் வட்டு தேய்ந்துவிட்டது. 'டிஸ்க்ஸ்' நிரலில், வட்டின் உடல்நிலையைக் காட்டும் 'ஸ்மார்ட்' சோதனை அதை உறுதிப்படுத்தும். அப்போது வட்டை மாற்றத்தான் வேண்டும். அந்த ஒரு நிலையில் கடைக்காரர் சொல்வது நியாயம். ஆனால் சோதனை முடிவைக் காட்டச் சொல்லிவிட்டு, நகல் உங்கள் கையில் இருக்கும்போது மாற்றுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டெல்டாவில் எல்லாப் பழியையும் மின்தடை மேல் போடுவது எளிது. மாலை நான்கு மணிக்கு மாற்றிய அமைப்பை ஆறு மணி மின்தடை அழிக்காது. மாற்றிய அரை நிமிடத்துக்குள் அது வட்டுக்குப் போய்விடும். மின்தடையின் உண்மையான கேடு வட்டைக் கெடுப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே நாளில் பலமுறை மின்சாரம் போய்வரும் ஊரில் செத்த பேட்டரியோடு கணக்கு எழுதுவது ஆபத்து. வேகப்படுத்துவதற்குக் கொடுத்த பணத்தைப் பேட்டரிக்குக் கொடுத்திருக்கலாம். இனி முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இன்னொரு கோளாறு அமைப்பு அழிவதைப் போலவே தோன்றும், பலரை ஏமாற்றும். நாட்காட்டி காலையில் நேற்றைய தேதியிலேயே நிற்கும், நேரம் பின்தங்கியிருக்கும். இது அமைப்பு அல்ல. தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) உள்ள சிறு பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது, அணைத்திருக்கும்போது கடிகாரம் ஓடவில்லை. மின்ட், கடைசியாகத் தனக்குத் தெரிந்த நேரத்திலிருந்து தொடங்கும். அதனால்தான் தேதி பல ஆண்டுகள் பின்னே போகாமல் நேற்றில் நிற்கிறது. இணையம் கிடைத்ததும் தானே சரியாகும். இணையம் இல்லாத நாளில் அன்றைய நாற்றுத் தேதி நாளைக்குத்தான் நினைவூட்டும், உங்களுக்கு நஷ்டம். தேதி வெகுவாகப் பிசகியிருந்தால் வங்கித் தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். மேசைக் கணினிகளில் பொதுவாக இருப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வில்லை, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மடிக்கணினியில் அது பெரும்பாலும் ஒயர் இணைத்த உறைக்குள் இருக்கும், பின்மூடியைத் திறக்க வேண்டும். அதை மாற்றக் கடைக்குப் போகலாம். ஆனால் 'போர்டு போய்விட்டது' என்று சொல்லி வாங்கிவைத்துக்கொண்டால் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். மாற்றிய பழைய பேட்டரியைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

இந்த மடிக்கணினிகளில் பல, அரசு கொடுத்தபோதே விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. அதைப் பயன்படுத்த வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்று ஊருக்கு ஊர் இதைத் தெரிந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். சொல்லிக்கொடுக்காததால் லினக்ஸைக் கண்டாலே அழித்துவிட்டு உரிமமற்ற விண்டோஸ் ஏற்றித் தருவதே ஒரு தொழிலாகிவிட்டது. உங்களிடம் பேசியவரும் அதைத்தான் விற்கப் பார்க்கிறார். அப்படி ஏற்றிய விண்டோஸில் அவர் வேறு என்ன சேர்த்து வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது; கடன் கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கும் கணினிக்கு அது ஆகாது.

எல்லாம் சரியாகி அமைப்பு நின்றதும், நாட்காட்டியின் மேல் வலது சொடுக்கி அமைப்புச் சாளரத்தைத் திறங்கள். மூலையில் உள்ள மெனுவில் அமைப்பைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பையும் எவலூஷன் கோப்புறை இருக்கும் பென்டிரைவிலேயே போட்டுவையுங்கள். அடுத்தமுறை எதுவானாலும் அதே மெனுவில் இறக்குமதி கொடுத்தால் அமைப்பு திரும்பிவிடும்; 'டிகான்ஃப்' உள்ளே பதிவாகும் வாரத் தொடக்கக் கிழமையை மட்டும் நீங்களே அமைக்க வேண்டும். சம்பாவுக்கு நாற்றுத் தேதிகளைக் குறித்து முடித்ததும் எவலூஷன் கோப்புறையை இன்னொரு முறை நகலெடுங்கள்.