கர்ப்பமாக இருக்கும்போது லைம் நோய் வந்தால் ஆன்டிபயாட்டிக் சாப்பிடலாமா?

கட்டாயம் சாப்பிடுங்கள். லைம் என்பது உண்ணி கடிப்பதால் வரும் பாக்டீரியா தொற்று. குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து நானும் ஒரு நாள் முழுக்க மாத்திரைப் புட்டியைத் திறக்காமல் வைத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். நோய்க்குப் பெயர் வரக் காரணமான லைம் என்ற ஊர் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மான்கள் வந்து போகும், அவற்றோடு உண்ணிகளும் வரும். ஜூன் மாதம், எனக்கு ஐந்தாம் மாதம். முழங்காலுக்குப் பின்புறம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருப்பதைக் கணவர்தான் பார்த்தார். வலியில்லை, அரிப்பில்லை. உண்ணி கடித்ததே தெரியாது. இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். வீடியோ காலில் பார்த்த அம்மா, "படர்தாமரைடி, குப்பைமேனியை அரைச்சுப் போடு" என்றார். அவசர சிகிச்சை மையத்திலோ சிலந்திக் கடி என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு கணவர் பால்பாயிண்ட் பேனாவால் அந்தச் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். இரண்டு நாளில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் பரவியிருந்தது. நடுவில் வெளுத்து வளையம் வளையமாகத் தெரியும் என்பார்களே, எனக்கு அப்படி இல்லை. ஒரே சிவப்புதான்.

மகப்பேறு மருத்துவர் பார்த்தவுடன் லைம் என்றார். ரத்தப் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டேன். கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரம் ஆகும், இப்போது எடுத்தால் இல்லை என்றே வரலாம், இந்தப் பகுதியில் இப்படி ஒரு தடிப்பைப் பார்த்தாலே மருந்தைத் தொடங்க வேண்டும் என்றார். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் தருவார்கள். அது டெட்ராசைக்ளின் வகை. வயிற்றிலிருக்கும் குழந்தையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கலாம் என்பதால் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பார்கள். எனக்கு அமாக்ஸிசிலின் 500 மி.கி., தினம் 3 வேளை, 14 நாள். மொத்தம் 42.

வாங்கி வந்த பிறகுதான் இணையத்தில் தேடினேன். கண்ணில் பட்டது, கர்ப்பத்தில் லைம் வந்த ஒரு தாயின் பச்சைக் குழந்தை இறந்ததாக 1985-இல் பதிவான ஒரு தகவல். படித்து அழுதேன், புட்டியை அலமாரியில் வைத்தேன். மறுநாள் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன்: அந்தத் தாய்க்கு ஆன்டிபயாட்டிக்கே கொடுக்கப்படவில்லை. மருத்துவரை அழைத்துக் கேட்டேன். சிகிச்சை இல்லாமல் விட்டால் கிருமி நஞ்சுக்கொடிக்குப் போகலாம், குழந்தைக்குத் தொற்றுவது அரிது என்றாலும் நடக்கக்கூடியது, சரியான நேரத்தில் மருந்து சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு நீடித்த பாதிப்பு எதுவும் காணப்படவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அந்த அழைப்பு முடிந்ததும் முதல் மாத்திரையைப் போட்டேன். 42-ஐயும் வேளை தவறாமல் முடித்தேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். தாய்ப்பால் வழியாக லைம் பரவியதாகத் தகவல் இல்லை என்று மருத்துவர் சொன்னதால் பாலும் தயங்காமல் கொடுத்தேன்.

உங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து பார்ப்பார்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ, மயக்கமோ படபடப்போ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது ஊசி வழி மருந்து தேவைப்படலாம். அப்புறம், உங்களுக்கும் இப்படித் தடிப்பு இருந்தால் அதை இன்றே பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு உங்கள் மகப்பேறு மருத்துவரை அழையுங்கள்.