நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு யாரைச் சேர்ப்பார்கள்? வயதும் புகைப்பழக்கமும் தடையா?

உங்கள் மாமனாருக்கு 74 வயது, சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபடும் நுரையீரல் நோய்), சிகரெட்டை இன்னும் முழுதாக விடவில்லை. பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். இந்தப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதும் என் வேலைதான். வயதும் தடையில்லை, சிகரெட்டும் தடையில்லை. அதை விடுவதற்கு உதவ வேண்டும். "விட்டுவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

நோய் இன்னதென்று உறுதிசெய்ய, குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி வேண்டும். ஆனால் அதில் ஒரே அளவு வந்த இருவரில் ஒருவர் கடைக்குப் போய் வருவார், இன்னொருவர் சட்டை மாட்டியதுமே உட்கார்ந்துவிடுவார். எனவே மூச்சிரைப்பை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் எம்எம்ஆர்சி அளவையே நான் அதிகம் நம்புகிறேன். சமதரையில் தன் வயதினருக்கு ஈடுகொடுத்து நடக்க முடியாவிட்டால் 2. சுமார் 100 மீட்டரில் நின்றுவிட்டால் 3. உடை மாற்றவே இரைத்தால் 4. தரம் 2 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் அவசியம் வர வேண்டியவர்கள்.

சிக்கல் என்னவென்றால், கேட்டால் சரியான பதில் வராது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தாத்தா வந்தார். சர்க்கரை ஆலையில் உழைத்தவர், காசநோய் இரண்டு முறை வந்து போனது. "மூச்சு வாங்குகிறதா?" என்றேன். "இல்லையே அம்மா" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "வீடு மேட்டில் இருக்கிறது. இரண்டு வருடமாக இவர் படியிறங்கி வாசற்கதவு வரைக்கும் போனதில்லை. குளிப்பதற்குக்கூட நாற்காலி போட்டுத் தருகிறேன்." தாத்தா பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆறு நிமிட நடைப் பரிசோதனைக்கு 30 மீட்டர் நடைபாதையில் நடக்கவிட்டோம். மூன்றாவது திருப்பத்தில் சுவரில் கையூன்றி, உதட்டைக் குவித்து ஊதியபடி நின்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரை ஆயா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இளைப்பாறி மறுபடி நடந்ததில் மொத்தம் 180 மீட்டர். முன்பு வேறோரிடத்தில் அவருக்கு, "நுரையீரல் கெட்டுவிட்டது, வீட்டில் ஓய்வெடுங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. ஓய்வெடுத்து ஓய்வெடுத்துத் தொடைச் சதை கரைந்திருந்தது. இந்தப் பயிற்சி நுரையீரலைப் புதிதாக்காது. காலுக்கு வலுவூட்டி, அதே நுரையீரலை வைத்துக்கொண்டு அதிக தூரம் நடக்க வைக்கும்.

யாரை நிறுத்திவைப்போம்? அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கட்டுக்குள் வராத நெஞ்சுவலியோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ளவர்கள், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள். இவர்களுக்கு இதய மருத்துவர் முதலில் வழி சொல்ல வேண்டும். காசநோய் மிகுந்த நாடு இது, ஆகவே சந்தேகம் இருந்தால் சளியைப் பரிசோதித்துத் தொற்று இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களோடு உட்கார வைப்போம். தாத்தாவுக்கும் அப்படித்தான் செய்தோம். ஆக்சிஜன் சிலிண்டரோடு வருபவர்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். நோய் திடீரென மோசமாகி மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களை, வீடு திரும்பிய நான்கு வாரத்துக்குள் தொடங்கவைப்பது நல்லது.

நான் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி: "யார் கூட்டி வருவார்கள்?" எங்களிடம் வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். இதற்குப் பதில் இல்லாவிட்டால், தகுதி எல்லாம் இருந்தும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுவார்கள்.

புனித வெள்ளித் திருவிழாவுக்கு மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலில் வாசலிலிருந்து சன்னதி வரை நடக்க வேண்டும் என்பதுதான் தாத்தா கேட்டது. எட்டு வாரம் கழித்து 235 மீட்டர் நடந்தார். 30 மீட்டர் கூடினாலே பலன் தெரியும். ஸ்பைரோமெட்ரி அளவு மட்டும் அப்படியே இருந்தது.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன், கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் மாமனார் எந்தெந்த வேலைகளை விட்டுவிட்டார் என்று உங்கள் மாமியாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுத்து, பயிற்சிக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.