கேட் டேக்கை நகல் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பார்ட்மென்டில் கேட்டைத் திறக்க வீட்டுக்கு இரண்டு நீல டேக்தான் தருகிறார்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கு ஒன்று வேண்டும். சாவிக் கடையில் நகல் எடுக்க முடியுமா?
- வாசகி, சென்னை

உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். போனில் என்எஃப்சியை ஆன் செய்து, அதன் முதுகில் டேக்கை மெல்ல நகர்த்துங்கள். போன் சத்தம் கொடுத்தால் அது 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக். கம்மென்று இருந்தால் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ். அந்த அலைவரிசை போனுக்குக் கேட்காது.

125 என்றால் நகல் எடுப்பது சுலபம். உள்ளே பேட்டரி இல்லை, செம்புக் கம்பிச் சுருளும் கடுகளவு சிப்பும்தான். கதவருகே உள்ள ரீடர் பக்கம் போனதும் சுருளில் மின்சாரம் பிறக்கும்; சிப் தன் எண்ணை ஒப்பிக்கும்; கதவு திறக்கும். யார் கேட்டாலும் அதே எண்ணைச் சொல்லும், ரகசியமே கிடையாது. காப்பி கருவியில் பழைய டேக்கை வைத்து ‘ரீட்’, காலி டேக்கை வைத்து ‘ரைட்’. அவ்வளவுதான்.

சொதப்புவது காலி டேக்கில். மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் டிகே4100 என்ற சிப்தான் இருக்கும். அதில் எண் ஆலையிலேயே பதிந்துவிடும், மாற்றி எழுத முடியாது. எழுதுவதற்கு டி5577 சிப் உள்ளது என்று கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு தொல்லை: சில மலிவுக் கருவிகள் எழுதும்போதே டேக்குக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுவிடும். பிறகு வேறு கருவியில் அதைத் திருத்தப் போனால் அசையாது.

டேக்கின் முதுகைப் பாருங்கள். 0012345678 188,24910 என்பதுபோல் அச்சடித்திருக்கும். இரண்டும் ஒரே எண்தான்: 188ஐ 65,536ஆல் பெருக்கி 24,910ஐக் கூட்டினால் 12345678. கதவைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலர் பெட்டிக்குப் பல ரீடர்கள் அனுப்புவதும் இந்த எண்ணை மட்டுமே. சாவியின் பல் வெட்டை மேலேயே எழுதி ஒட்டிய கதை. ஆகவே ‘டேக் கிடைத்தது, யாருடையது?’ என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறவர்கள் எண்ணை விரலால் மறைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் சொன்னாலும், உங்களுக்கு வேண்டியது நகல் இல்லை, புது எண். நகலுக்கும் உங்கள் எண்தான். அந்த அக்கா வந்து போவதெல்லாம் பதிவில் நீங்கள் வந்து போனதாகவே ஏறும். அவர் வேலையை விட்டால் அவர் டேக்கை மட்டும் ரத்து செய்ய வழியில்லை, உங்களுடையதும் சேர்ந்து போய்விடும். உள்ளே வந்தவர் வெளியே போகாமல் மறுபடி உள்ளே வர விடாத அமைப்பு இருந்தால், இரண்டாவதாக வருபவருக்குக் கதவே திறக்காது. உங்களுடையது 125 என்றால், நகலுக்கு உதவாத அந்த டிகே4100 டேக்கே இதற்குப் போதும்; அதில் ஏற்கெனவே உள்ள எண்ணை அசோசியேஷனிடம் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். சில நிமிட வேலை.

கேள்வி: என் டேக்கைப் போன் படிக்கிறது. கடைக்காரரோ காப்பி ஆகாது என்கிறார். பொய் சொல்கிறாரா?
- வாசகர், கோவை

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. என்எக்ஸ்பி நிறுவனத்தின் டேக்இன்ஃபோ ஆப்பில் பாருங்கள், சிப்பின் பெயர் வரும். மைஃபேர் கிளாசிக் 1கே என்றால் உள்ளே 16 அறைகள், ஒவ்வொன்றுக்கும் 48 பிட் சாவிகள். அந்தப் பூட்டின் பலவீனத்தை நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008லேயே வெளிப்படுத்திவிட்டார்கள். ஆனாலும் 125 கருவியால் அதைத் தொடவே முடியாது. அடையாள எண் உள்ள முதல் பிளாக்கும் சாதாரணக் கார்டில் ஆலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். அதை மாற்ற விடும் தனி ரகக் கார்டு வேண்டும். அந்த ரகத்தைக் கண்டுபிடித்துக் கதவை மறுக்கும் ரீடர்களும் உண்டு.

டெஸ்ஃபயர் ஈவி2, ஈவி3 என்று வந்தால் முயற்சியை விட்டுவிடுங்கள். அதில் ரீடர் ஒவ்வொரு முறையும் புதுக் கேள்வி கேட்கும், சிப் உள்ளேயிருக்கும் சாவியால் பதில் கணக்கிடும். சாவி வெளியே வராது. அதற்கும் காப்பி போட்டுத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கார் பார்க்கிங் கேட் ரிமோட்டையும் இப்படி எடுக்கலாமா?
- வாசகர், மதுரை

அது வேறு ஜாதி. பேட்டரி உண்டு, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். ‘ரோலிங் கோட்’ வகை என்றால் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எண் மாறும், பிடித்து வைத்த எண் செல்லாது. புது ரிமோட்டை மோட்டார் பெட்டியில் உள்ள ‘லேர்ன்’ பட்டனை அழுத்திப் பதிய வேண்டும். வீட்டில் குழந்தை ரிமோட்டை அழுத்தி விளையாடியபின் கேட் திறக்கவில்லையென்றால் பயப்படாதீர்கள். கேட்டருகே நின்று அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்துங்கள். தூரத்தில் அழுத்தியதில் ரிமோட்டின் எண் மோட்டாரைவிட முன்னே போயிருக்கும்; பல மாடல்களில் இரண்டும் தானாகவே ஒத்துப்போய்விடும்.