நீலத்தில் மட்டும் கோடு விழுகிறதா? ஹெட்டில் கை வைக்காதீர்கள்

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் நானும் கணவரும் ஃபிளெக்ஸ் கடை நடத்துகிறோம். எட்டு மாதத்துக்கு முன் 10 அடி சால்வென்ட் மெஷின் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். மை தெளிக்கும் ஹெட் நான்கு, எல்லாம் கோனிகா 512. காலையில் பிரிண்ட் அருமையாக வருகிறது. முழு நீலப் பின்னணி பேனர் ஓட்டினால் மூன்று, நான்கு அடி தாண்டியதும் நீலம் வெளுத்து வெள்ளைக் கோடு விழுகிறது. மற்ற நிறங்களில் இல்லை. சர்வீஸ்காரர் "ஹெட் போச்சு, 85,000 ஆகும். பழைய ஹெட்டைக் கொடுத்தால் 8,000 கழித்துக்கொள்கிறேன்" என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது: "காலையில் அருமையாக வருகிறது." செத்த ஹெட் ராத்திரி தூங்கிக் காலையில் பிழைக்காது. நாசில், அதாவது மை வெளிவரும் நுண்துளை அடைத்திருந்தால், முதல் டெஸ்ட் பிரிண்டிலேயே அந்த இடம் காலியாகத் தெரிந்திருக்கும். உங்கள் ஹெட்டுக்கு மை போதவில்லை, அவ்வளவுதான்.

பெரிய டேங்கிலிருந்து பம்ப் மையை இழுத்து மேலே உள்ள சப் டேங்கில் விடுகிறது. அங்கிருந்து ஒரு சிறிய ஃபில்டர் வழியாக ஹெட்டுக்கு இறங்குகிறது. அந்த ஃபில்டரில் கசடு சேர்ந்தால் மை கசிந்துதான் இறங்கும். இரவெல்லாம் கசிந்து ஹெட் நிறைந்திருப்பதால் காலையில் மூன்று அடி பளிச்சென்று வருகிறது. முழு நீலம் ஓடும்போது ஹெட் குடிக்கிற வேகத்துக்கு ஃபில்டரால் ஈடு கொடுக்க முடிவதில்லை. மை தானாகச் சொட்டாமல் மேலே இழுத்துப் பிடிக்கும் நெகட்டிவ் பிரஷர் அதிகமானாலும் இப்படி வெளுக்கும். ஆனால் பொதுவாக அது எல்லா நிறத்துக்கும் ஒன்றே, நீலத்தை மட்டும் பிடிக்காது.

நீங்களே சோதிக்கலாம். கோடு விழ ஆரம்பித்ததும் பிரிண்டை நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து, ஹெட்டைக் கழுவி ஃப்ளஷ் எதுவும் செய்யாமல் டெஸ்ட் பிரிண்ட் எடுங்கள். விடுபட்ட நாசில்கள் தானாகத் திரும்பியிருந்தால் ஹெட் நலம். நீல ஃபில்டரை மாற்றுங்கள். சில நூறு ரூபாய் சாமான் அது. அதன் மேல் அம்புக்குறி இருந்தால் மை ஓடும் திசையில் வையுங்கள். குழாயில் காற்றுக்குமிழ் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தக் கசடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மை மாற்றியதிலிருந்து. லிட்டருக்கு ஐம்பது ரூபாய் குறைவு என்று வேறு கம்பெனி மையைப் பழைய மையின் மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். இரண்டும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டேங்குக்குள் திரிந்துபோகும். பெயின்ட் கடைத் தின்னரை ஹெட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஹெட்டுக்குள் இருக்கும் பசையை அது தின்றுவிடும். சிரிஞ்சை அழுத்தி அடிக்கிற வைத்தியமும் வேண்டாம்.

ஹெட்டே போகிற நேரமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 512 நாசில்கள் 256, 256 ஆக இரண்டு வரிசையில் இருக்கின்றன. அங்கொன்று இங்கொன்றாக விடுபட்டால் அடைப்பு. ஒரு வரிசை முழுக்கக் காணவில்லை, அல்லது ஒன்று விட்டு ஒன்று ஒழுங்காக விடுபடுகிறது என்றால் மின்சாரக் கோளாறு. அப்போதும் ஹெட்தான் என்று முடிவு கட்டக் கூடாது. கேபிளோ, ஹெட்டை இயக்கும் போர்டோ போயிருக்கலாம். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, சையான் (உங்கள் நீலம்), மெஜந்தா (இளஞ்சிவப்பு) கேபிள்களை ஹெட் பக்கத்தில் இடம் மாற்றிச் செருகச் சொல்லுங்கள். மின்சாரம் இருக்கும்போது கேபிளைக் கழற்றினால் நல்ல ஹெட்டும் போர்டும் சேர்ந்து எரியக்கூடும். கையில் ஹெட் கழுவும் சொல்யூஷன் ஈரமும் கூடாது. ஒவ்வொரு ஹெட்டின் லேபிளிலும் அதற்குரிய வோல்டேஜ் எண் அச்சாகியிருக்கும். கேபிள் மாறினால் மென்பொருளில் அந்த எண்ணும் மாற வேண்டும். பிறகு டெஸ்ட் பிரிண்ட். கோளாறு மெஜந்தா ஹெட்டுக்குத் தாவினால் கேபிள் அல்லது போர்டு. சையான் ஹெட்டிலேயே நின்றால்தான் ஹெட்டில் சந்தேகம். புது ஹெட் போடும்போதும் இந்த எண்ணை மாற்றாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலர் மங்கிய ஹெட்டுக்கு வோல்டேஜை ஏற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பார்கள். அதோடு அதன் ஆயுள் சுருங்கிவிடும்.

இப்போது அந்த 8,000 ரூபாய்க்கு வருகிறேன். போன ஹெட்டை எட்டாயிரம் கொடுத்து யார் வாங்குவார்கள், எதற்கு? உங்கள் ஹெட் நல்ல ஹெட். கழுவி, பெட்டியில் போட்டு, அடுத்த ஊரில் இன்னொருவரிடம் புதிது என்று விற்கக்கூடும். உங்களுக்குப் புதிது என்று வருவதும் இன்னொருவர் மெஷினில் ஓடியதாக இருக்கலாம். சீரியல் எண் தெரியும்படி நான்கு ஹெட்டையும் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். என்றைக்கு எதை மாற்றினாலும் பழையது உங்கள் அலமாரியில் இருக்கட்டும். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஹெட் வாங்காதீர்கள்.

"எங்களைத் தவிர வேறு ஆளைக் கூப்பிட்டால் மெஷின் லாக் ஆகிவிடும்" என்று மிரட்டினால் அது முழுப் பொய்யும் அல்ல. பல மெஷின்களில், இத்தனை நாள்தான் ஓடும் என்று போர்டுக்குப் பாஸ்வேர்டு வைத்து விற்கிறார்கள். தவணை கட்டி முடித்த பிறகும் அதைத் திறந்து கொடுப்பதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் கேட்டால் போனையே எடுப்பதில்லை. முழுப் பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாதாமாதம் ஒருவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, கேட்க நாதியில்லை. எனக்கு ஆறாத கோபம் இது. உங்கள் மெஷினில் அப்படி இருந்தால், விற்றவரிடம் நிரந்தர பாஸ்வேர்டை எழுத்தில் கேளுங்கள்.

கடைக்காரர் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்றும் சொல்வார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தப் பிழைப்புக்காகத் தானே இயக்கும் சுயதொழிலுக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான். நீங்களும் கணவரும் அந்த வகை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணமும் இல்லை. ஆனால் பில் வேண்டும்.

ஃபில்டரை மாற்றியபின் 10 அடி முழு நீலம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வெளுத்தால் சப் டேங்கின் மிதவை ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மை குறையும்போது பம்ப் ஓடுகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.