மாடி அறைக்கு எந்த லேசர் புரொஜெக்டர்?

கேள்வி: வீட்டு மாடியில் 18க்கு 12 அடி அறையை ஹோம் தியேட்டராக மாற்றுகிறோம். ஒன்பது வருடமாக லேம்ப் புரொஜெக்டர்தான். இப்போது லேசர் வாங்க ஆசை. 120 அங்குலத் திரை. சுவரும் ஃபால்ஸ் சீலிங்கும் வெள்ளை. இரவில் நானும் மனைவியும் படம் பார்ப்போம், பழைய கருப்பு வெள்ளைப் படங்களும் உண்டு. ஞாயிறு அன்று மகனும் பேரப்பிள்ளைகளும் வந்தால் கிரிக்கெட். கடைக்காரர் 2,700 லூமென்ஸ் வெளிச்சம் என்று எப்சன் எல்எஸ் 12000-ஐச் சொல்கிறார். மகன் சோனி எக்ஸ்டபிள்யூ 5000 இஎஸ் என்கிறான். நண்பர் ஜேவிசி என்இசட் 500 என்று அடித்துச் சொல்கிறார். அவை இரண்டும் 2,000 லூமென்ஸ்தானே, வெளிச்சம் குறைவானதை ஏன் வாங்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கடிதத்தில் மூன்று மாடல் பெயர்களையும் தாண்டி என் கண் போய் நின்றது அந்த வெள்ளை ஃபால்ஸ் சீலிங்கில்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் லூமென்ஸ் கணக்கைப் பார்த்துவிடலாம், அதில் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

120 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 43 சதுர அடி. 2,000 லூமென்ஸ் புரொஜெக்டரில் நிறங்களைச் சரியாக அமைத்த பிறகு 1,500 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மேட் வெள்ளைத் திரையில் அது சுமார் 35 ஃபுட்-லாம்பர்ட் (திரையிலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சத்தின் அளவு). சினிமா தியேட்டர்களில் டிஜிட்டல் படத்துக்கு வைத்திருக்கும் அளவு 14. இருட்டறையில் உங்களுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. 2,700 வந்தால் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான்.

இந்த விலைக்குப் போகும்போது காசின் பெரும்பகுதி கருப்புக்குத்தான் போகிறது. புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது. வெளிச்சத்தைத் தடுக்க மட்டுமே முடியும், தடுத்த பிறகும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆழமான இருட்டு. நம் படங்களில் பெரும்பாலானவை இப்போது 2.39க்கு 1 என்ற அகல விகிதத்தில் வருகின்றன. உங்கள் 16:9 திரையில் அதைப் போட்டால் மேலே ஏழரை அங்குலம், கீழே ஏழரை அங்குலம் கருப்புப் பட்டை. திரையில் கால் பங்கு அதுவே. நல்ல புரொஜெக்டரில் சற்று நேரத்தில் அந்தப் பட்டையை மறந்துவிடுவீர்கள். சுமாரானதில் இரண்டரை மணி நேரமும் சாம்பல் நிறத்தில் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

இப்போது சீலிங்குக்கு வருகிறேன். போன வருடம் சித்தப்பா மகன் வீட்டில் விலை உயர்ந்த லேசர் ஒன்றை மாட்டினார்கள். இரவுக் காட்சி எல்லாம் விபூதி பூசியதுபோல இருந்தது. மெஷினில் கோளாறு என்று திருப்பி அனுப்பவே தயாராகிவிட்டார்கள். நானும் அவனும் துணிக்கடைக்குப் போய்க் கருப்பு வெல்வெட் ஒன்பது மீட்டர் வாங்கி வந்தோம். திரையை ஒட்டி மூன்றரை அடி அகலத்துக்கு, சீலிங்கிலும் இரண்டு பக்கச் சுவரிலும் குண்டூசியால் குத்தினோம். அதே காட்சியைத் திரும்பப் போட்டபோது, இருட்டில் நின்றவரின் சட்டை மடிப்பு தெரிந்தது. அதுவரை அங்கே ஓர் ஆள் நிற்பதே அரைகுறையாகத்தான் தெரிந்தது. "அதே சீன்தானா இது?" என்று அண்ணி இரண்டு தடவை கேட்டார். திரையிலிருந்து வெள்ளைச் சுவருக்குப் போன வெளிச்சம் திரும்பத் திரைக்கே வந்து விழுகிறது. எந்தக் கம்பெனி மெஷினாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே புரொஜெக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பெயின்டரைக் கூப்பிடுங்கள். அடர் சாம்பல் அல்லது அடர் நீலம், பளபளப்பில்லாத மேட் பெயின்ட். சீலிங் முக்கியம், சுவர் அப்புறம்.

சரி, மூன்றில் எது? எப்சனில் இருப்பது எல்சிடி பேனல் (உள்ளே படத்தை உருவாக்கும் சில்லு). பேனலின் சொந்தத் துல்லியம் 1080 தான். பிக்சலை நான்கு இடங்களுக்கு மாற்றி மாற்றி நகர்த்தி 4கே (அதைப்போல நான்கு மடங்கு பிக்சல்) ஆக்குகிறார்கள். உட்காரும் தூரத்திலிருந்து அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கருப்பில்தான் அது மற்ற இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது. சோனியும் ஜேவிசியும் சிலிக்கான் பேனல்கள், பிறவியிலேயே 4கே. சோனியில் ஓடும் பந்தும் திரும்பும் கேமராவும் மிக அழகாக இருக்கும். ஆனால் எக்ஸ்டபிள்யூ 5000-இல் ஜூம், ஃபோகஸ், லென்ஸ் நகர்த்துவது எல்லாமே கையால்தான். நாளைக்கு அகலத் திரை மாட்டி, படத்துக்கு ஓர் அளவு, கிரிக்கெட்டுக்கு ஓர் அளவு என்று ரிமோட்டில் மாற்ற நினைத்தால் அதில் வழியில்லை. கருப்பில் ஜேவிசி தான் முதல். லேசரை மங்கவைக்காமலேயே அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 40,000க்கு 1 என்று கம்பெனி சொல்கிறது. லென்ஸும் மோட்டாரில் நகரும்.

கான்ட்ராஸ்ட் எண்களில் கவனமாக இருங்கள். காட்சி இருட்டானதும் லேசரையே மங்கவைத்து அல்லது அணைத்து எடுத்த கணக்கைப் பல விளம்பரங்களில் போடுவார்கள். லட்சம், கோடி என்று வரும், சில சமயம் 'முடிவிலி' என்றே வரும். உண்மை தெரிய டெமோவில் படத்தின் கடைசிப் பெயர்ப் பட்டியலை ஓடவிடச் சொல்லுங்கள். திரை முழுக்க இருட்டாக இருந்து, வெள்ளை எழுத்து கீழிருந்து ஏறும் அந்த நொடியில் பின்னணிக் கருப்பு வெளுக்கிறதா என்று பாருங்கள். அப்படியே திரைக்குப் பக்கத்தில் போய், மூலையில் இருக்கும் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிசிறுகிறதா என்றும் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்கென்று மெஷினுக்குள் இருக்கும் மூன்று பேனலின் படமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் அப்படிப் பிசிறும். ஒரே மாடலில்கூடப் பெட்டிக்குப் பெட்டி இது மாறும்.

டெமோவுக்கு நீங்கள் ரசிக்கும் பழைய கருப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். கடையில் போடும் பூவும் பறவையும் எல்லா மெஷினிலும் அழகாகத்தான் இருக்கும். வெள்ளை வேட்டியில் லேசான பச்சையோ ரோஸ் நிறமோ ஏறியிருந்தால், கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

எச்டிஆர் படங்களை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே வீச்சு அதிகம் உள்ளவை) 1,000 நிட்ஸ் (இதுவும் திரை வெளிச்சத்தின் அளவுதான்), சிலவற்றை 4,000 நிட்ஸ் வரைகூட வைத்துத் தயாரிக்கிறார்கள். உங்கள் திரையில் கிடைப்பது 120 நிட்ஸ் சுற்றி. அதற்குள் அடக்கும் வேலையைச் செய்வது டோன் மேப்பிங். ஜேவிசி அதைக் காட்சிக்குக் காட்சி கணக்கிட்டுச் செய்வதால் ஒவ்வொரு படத்துக்கும் ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை.

பெயின்ட் அடிக்க வீட்டில் சம்மதிப்பார்கள் என்றால், என் ஓட்டு ஜேவிசிக்கு. அறை வெள்ளையாகவே இருக்கப்போகிறது, ஞாயிறு கிரிக்கெட்டுக்கு விளக்கும் எரியும் என்றால் எப்சனை வாங்குங்கள்; அந்த அறையில் ஜேவிசியின் கருப்பு வீண், 2,700 லூமென்ஸ்தான் கை கொடுக்கும். கடைக்காரர் தப்பாகச் சொல்லவில்லை, உங்கள் இரவுகளைப் பற்றி அவர் கேட்கவில்லை.

லேசர் ஆயுள் பற்றிக் கவலை வேண்டாம். 20,000 மணி நேரம் என்பது வெளிச்சம் பாதியாகக் குறையும் கணக்கு. தினம் மூன்று மணி நேரம் என்றால் 18 வருடம். ஆனால் லேம்பைப்போல நீங்களே கழற்றி மாற்ற முடியாது. எனவே சர்வீஸ் எங்கே, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கரண்ட் சட்டென்று போகும் ஊர்தானே, சின்ன யுபிஎஸ் ஒன்றும் போடுங்கள்.

மாட்டும்போது திரைக்கு நேராக நடுவில் வைத்து, ஏற்ற இறக்கத்தை லென்ஸை நகர்த்தியே சரிசெய்யச் சொல்லுங்கள். சாய்ந்த படத்தை டிஜிட்டலாக நேராக்கும் கீஸ்டோன் பட்டனைத் தொட்டால் காசு கொடுத்து வாங்கிய பிக்சலில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் திரைக்குப் புரொஜெக்டர் ஏறக்குறைய 12 முதல் 17 அடிக்குள் இருக்கலாம், கிட்டே வைத்தால் வெளிச்சம் கூடும். மனைவி உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். மெல்லிய வசனத்தின்போது ஃபேன் சத்தம் முதலில் அவர் காதில்தான் விழும்.